பில் கவுன்ட்டரில் படிக்கும் பாலிசி

சில ஆண்டுகளுக்கு முன்பு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளம். ‘இன்சூரன்ஸ்’ என்று எழுதிய கண்ணாடி அறைக்கு முன்னால் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்டார். கையில் குத்தியிருந்த ஊசியையும் நர்ஸ் எடுத்துவிட்டார். மூன்று மணிக்குத்தான் அந்த அறையில் இருந்த பெண் எங்களைக் கூப்பிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“சார், மொத்த பில் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம். கம்பெனி அப்ரூவல் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். மீதி ஐம்பதாயிரம் நீங்க கட்டணும்.”

ஒன்பது ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தவறாமல் பிரீமியம் கட்டிய பாலிசி அது. காப்பீட்டுத் தொகை மூன்று லட்சம். பில் அதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. அப்படியிருக்க, இந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “உங்க பாலிசில ரூம் ரென்ட் ஒரு நாளைக்கு மூவாயிரம்தான் சார். நீங்க எடுத்தது ஐயாயிரம் ரூபா ரூம்” என்றார்.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மா மனக்கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, ரூமுக்கு ரெண்டாயிரம்தானே கூட? நாலு நாளைக்கு எட்டாயிரம். அது எப்படி ஐம்பதாயிரமாச்சு?”

அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விடை ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு பீரோவில், பிரிக்கப்படாத உறைக்குள் இருந்தது.

எட்டாயிரம் ஐம்பதாயிரமான கணக்கு

பில்லை நான்காகப் பிரித்தால் புரியும். நான்கு நாள் அறை வாடகை 20,000 ரூபாய். அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், செவிலியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 90,000. மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 48,000. கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள் 6,000.

எங்கள் பாலிசியில் அறை வாடகையின் உச்சவரம்பு, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நாங்கள் எடுத்த அறை 5,000 ரூபாய். ஆக, ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் எங்களுக்குத் தகுதி. இந்த விகிதம் வாடகையோடு நிற்பதில்லை. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, அதே மருத்துவர் செய்யும் அதே அறுவைச் சிகிச்சைக்கும் கட்டணம் உயர்கிறது. அதனால் மருத்துவர், தியேட்டர், செவிலியர் கட்டணங்களிலும் காப்பீட்டு நிறுவனம் ஐந்தில் மூன்று பங்குதான் கொடுக்கும். 90,000 ரூபாயில் 54,000 வந்தது. 36,000 எங்கள் தலையில் விழுந்தது. வாடகையில் 8,000, சில்லறையில் 6,000. கூட்டினால் 50,000. இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

அம்மா வயிற்றுவலியில் துடித்த இரவு பதினொரு மணிக்கு, வரவேற்பறையில் இருந்தவர் “ஜெனரலா, ஷேரிங்கா, சிங்கிளா?” என்று கேட்டார். யோசிக்காமல் “சிங்கிள்” என்றேன். அந்த ஒரு சொல்லின் விலை 44,000 ரூபாய். பாலிசியில் எழுதியிருந்ததுதான் நடந்தது. ஆனால், அதைப் பற்றி ஒரு வார்த்தை அந்த இரவில் எங்களிடம் சொல்ல யாரும் இல்லை.

இந்தக் கழிவுக்கும் எல்லை உண்டு. மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போல உடலில் பொருத்தும் கருவிகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் விகிதாசாரமாக வெட்டக் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் வெட்டக் கூடாது. இவை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விதிகள். எனவே, தொகை குறைந்து வந்தால் எந்த வரியில் குறைந்தது என்று கேட்டுப் பார்ப்பது நம் உரிமை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்: பாலிசியை வீட்டில் நோயில்லாத ஒரு நாளில் படித்துவிட வேண்டும், படிப்பவருக்குப் புரியும் மொழியில் அதை நிறுவனம் கொடுக்க வேண்டும். முதலாவது நம் பொறுப்பு. இரண்டாவது அவர்கள் பொறுப்பு. இரண்டும் நடக்காத வரை, காப்பீடு இருந்தும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

நாற்பது பக்கப் பாலிசியை முழுவதும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால், அதனுடன் ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்ற சிறிய ஆவணம் வரும். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், யாரிடம் முறையிட வேண்டும் என்பதெல்லாம் அதில் எளிமையாக இருக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி. பாலிசிதாரர் விரும்பிக் கேட்டால் அதை உள்ளூர் மொழியில் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் அச்சடிப்பார்கள்.

அந்தத் தாளில் ஐந்து விஷயங்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். முதலாவது, அறை வாடகை வரம்பு. இரண்டாவது, காத்திருப்புக் காலம். விபத்து நீங்கலாக, முதல் 30 நாட்களுக்குப் பொதுவாக எதற்கும் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டு ஆண்டுகள். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது நான்கு ஆண்டுகளாக இருந்தது. மூன்றாவது, ‘கோ-பே’. ஒவ்வொரு பில்லிலும் இத்தனை சதவீதத்தை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இது; முதியோர் பாலிசிகளில் அதிகம் காணப்படும். நான்காவது, குறிப்பிட்ட நோய்களுக்கான தனி வரம்பு. உதாரணத்துக்கு, எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வழங்கும்படி 2020-இல் கொண்டுவரப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஐந்தாவது, பணம் தராத செலவுகளின் பட்டியல்.

படித்த பிறகு பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கவும் வழியுண்டு. புதிய பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ரத்து செய்து, சிறு பிடித்தம் போக மீதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

சொல்லாமல் விட்ட சர்க்கரை

கிளெய்ம் மறுக்கப்படும் கதைகளில் அடிக்கடி கேட்பது, “ஏஜென்ட்தான் சார் எல்லாத்தையும் பூர்த்தி பண்ணினார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்” என்பது. விண்ணப்பத்தில் ‘சர்க்கரை நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று இருக்கும். மருத்துவமனையில் சேரும்போது, “எட்டு வருசமா சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன்” என்று மருத்துவரிடம் சொல்வோம். அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். இரண்டு காகிதங்களும் ஒரே மேசைக்கு வரும்போது கிளெய்ம் விழுந்துவிடும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, பழைய அறுவைச் சிகிச்சை எதுவானாலும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிரீமியம் கொஞ்சம் கூடலாம், காத்திருப்பு வரலாம். ஆனால், கட்டிய பணம் வீணாகாது. பாலிசியோடு வரும் விண்ணப்ப நகலில் நம் பதில்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: இடைவெளி இல்லாமல் 60 மாதங்கள் புதுப்பித்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது.

அதனால்தான் தொடர்ச்சி முக்கியம். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் வயது காப்பாற்றப்படும். ஆனால், கட்டாமல் இருந்த அந்த நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் பணத்தை எதிர்பார்க்க முடியாது. அலுவலகக் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வேலை போகும் அன்று அந்தக் காப்பீடும் போய்விடும். ஐம்பது வயதில், சர்க்கரையோடு, புதிதாக ஒரு பாலிசி தேடுவது கடினம். வேலையில் இருக்கும்போதே சிறியதாக ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் காத்திருப்புக் காலமும் கழிந்துகொண்டே வரும்.

பத்தாண்டுகளுக்கு முன்பு போதுமாக இருந்த மூன்று லட்சம், இன்று ஒரு இதய அறுவைச் சிகிச்சைக்கே போதாமல் போகலாம். பெரிய தொகைக்குப் புது பாலிசி எடுக்க முடியாதவர்கள் ‘சூப்பர் டாப்-அப்’ பற்றி விசாரிக்கலாம். ஓராண்டின் பில்கள் எல்லாம் சேர்ந்து, உதாரணமாக, மூன்று லட்சத்தைத் தாண்டினால், அதற்கு மேற்பட்டதை அது ஏற்கும். முதல் மூன்று லட்சத்தைப் பழைய பாலிசி பார்த்துக்கொள்வதால் இதன் பிரீமியம் குறைவு. வெறும் ‘டாப்-அப்’ வேறு. அது ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. மிச்சமாகும் அந்தப் பணத்தில் காப்பீட்டுத் தொகையை உயர்த்திக்கொள்வது நல்ல முடிவாக இருக்கும்.

சேரும்போதும் கிளம்பும்போதும்

திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவுக்குப் போய் இரண்டு கேள்விகள் கேளுங்கள். “இந்த பாலிசிக்கு எந்த அறை வரை தகுதி? எங்கள் கையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு ஆகும்?” விடையை எழுதி வாங்குங்கள். நள்ளிரவில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தாலும் அறையைச் சொல்லும் முன் முதல் கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்.

2024 மே மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை, பாலிசிதாரர்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமைகள் பலருக்குத் தெரியவில்லை. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி, மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். காலை பத்து மணிக்கு எழுதிக் கொடுத்த டிஸ்சார்ஜுக்காக இருட்டும்வரை தவிக்கும் குடும்பங்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாசலில் நின்றாவது படித்துவிடுங்கள். நோயின் பெயர், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எந்தத் தேதியில் தொடங்கியது என்பதில் ஒரு எண் பிழையானாலும் பின்னால் கிளெய்ம் சிக்கும். ‘பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டார்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் பணம் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். ஏன் படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை எழுதச் சொல்லி மருத்துவரிடமே பணிவாகக் கேட்கலாம்.

மறுப்புக் கடிதம் முடிவல்ல

கிளெய்ம் மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று நிறுவனம் குறிப்பிட வேண்டும். நிறுவனத்துக்குள் இருக்கும் கிளெய்ம் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கவே கூடாது. “போன்ல சொல்லிட்டாங்க” என்று விட்டுவிடாமல் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பை நிறுவனம் 30 நாட்களுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இப்படியொரு கதவு இருப்பது தெரியாததால், மறுப்புக் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

காப்பீடு தொடாத செலவுகள்

எவ்வளவு நல்ல பாலிசியாக இருந்தாலும் சில செலவுகளை அது தொடாது. உடனிருப்பவரின் சாப்பாடு, ஆட்டோ, விடுப்பில் போன சம்பளம், கடையை மூடிய நாட்களின் நட்டம், வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் வாங்கும் மாத்திரை. தினக்கூலி குடும்பத்துக்குப் பெரிய பில்லைவிட இந்தச் சிறு செலவுகளே பெரிய அடி. இதற்கென்று தனியாக ஒரு சேமிப்பு வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். கல்யாணத்துக்குச் சீட்டுப் போடுவதுபோல் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு சீட்டு என்று நினைத்துக்கொண்டால் போதும். அறை, கோ-பே, சில்லறை என்று உங்கள் பாலிசி எவ்வளவை விட்டுவைக்கும் என்று கணக்கிட்டால், சேர்க்க வேண்டிய தொகையும் தெரிந்துவிடும்.

அரசு தருவதையும் கேட்டுப் பெற வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கொடுக்கிறது. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பட்டியலில் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. வருமானச் சான்றையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்கு இன்றே போகலாம். நோய் வந்த பிறகு போனால் அலைச்சல் இரட்டிப்பாகும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது.

இன்னொன்று. குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால், துக்கம் ஆறியதும் அவருடைய பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசி வரிகளைப் பாருங்கள். 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கப்பட்டிருக்கலாம். 20 ரூபாய், பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கானது. விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கானது. எப்படி இறந்தாலும் இரண்டு லட்சம். வங்கியில் கணக்குத் தொடங்கியபோது ஏதோ ஒரு படிவத்தில் போட்ட கையெழுத்து அது. அவர் வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டார். கேட்காமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடும்.

யார் மாற வேண்டும்?

படியுங்கள், கேளுங்கள் என்று குடும்பங்களிடம் மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது. வலியில் துடிக்கும் ஒருவரின் மகனையோ மனைவியையோ நிபந்தனைகளை ஆராயச் சொல்ல முடியாது. தகவல் தாளைத் தமிழில் ‘கேட்டால் தருவோம்’ என்பதை ‘கேட்காமலே தருவோம்’ என்று மாற்ற வேண்டும். தமிழில் பேசி விற்கிற பாலிசியைத் தமிழில் எழுதித் தருவது பெரிய சலுகை அல்ல. மருத்துவமனையில் அறையைத் தேர்வு செய்யச் சொல்லும் படிவத்திலேயே, ‘உங்கள் பாலிசியின் வரம்பு இவ்வளவு, இந்த அறை எடுத்தால் மற்றக் கட்டணங்களிலும் உங்கள் பங்கு கூடும்’ என்று இரண்டு வரி இருந்தாக வேண்டும். அட்டையைத் தேய்த்ததும் அந்த வரம்பு திரையில் தெரியும்படி செய்வது இன்றைய தொழில்நுட்பத்துக்குக் கடினமல்ல. கிளெய்முக்கு உதவும் ஒருவரை அரசு மருத்துவமனைகளிலும் இ-சேவை மையங்களிலும் உட்கார வைப்பதை மாநில அரசு யோசிக்கலாம்.

அந்த ஐம்பதாயிரத்தை அன்று நண்பரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினோம். வீட்டுக்கு வந்த மறுவாரம், அம்மா பக்கத்தில் உட்கார, பாலிசியை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் ஒரு முழுத்தாளில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பாலிசி எண், புதுப்பிக்கும் தேதி, ‘ரூம் 3,000-க்குள்’, எந்தெந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போன் செய்ய வேண்டும். எட்டு வரிகள். பீரோ கதவின் உள்பக்கம் இப்போதும் ஒட்டியிருக்கிறது.

போன ஆண்டு என் தங்கை கணவருக்குச் சிறுநீரகக் கல். நள்ளிரவில் தங்கை அழுதுகொண்டே போன் செய்தபோது அம்மாதான் எடுத்தார். ஆறுதல் சொன்னார். பிறகு, “அட்டையை எடுத்துக்கிட்டியா? ரூம் எவ்வளவுக்குள்ளன்னு முதல்ல கேளும்மா” என்றார். நிறுவனம் முதல் நாளே அச்சிட்டுத் தந்திருக்க வேண்டிய எட்டு வரிகளை, எழுபது வயதில் அவர் தானே எழுதித் தெரிந்துகொண்டார். அடுத்த வீட்டு அம்மாவுக்கு அந்தத் தாள் தபாலில், தமிழில் வர வேண்டும்.